சண்டையா, சமாதானமா என்று கேட்கப் போனவர்

இப்போதெல்லாம் யாரிடமாவது ஒன்றைக் கேட்டால் பதில் வருவதில்லை, வழிதான் வருகிறது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், போனில் பாருங்கள் என்கிறான். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால், அட்டையில் போட்டிருக்கிறது என்கிறான். அட்டை எழுத்து தெரியவில்லையே என்றால், கண்ணாடி மாற்றுங்கள் பெரியவரே என்கிறான். பின்னால் என்று சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தைதான் செலவு. அதைச் சொல்லாமல் தப்பிக்க இருபது வார்த்தை செலவழிக்கிறான். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டால் தலையில் கூரை இடிந்து விழும் என்று ஊரே பயந்து கிடக்கிறது. பூட்டுக்காரர் இதை நினைக்கும்போதெல்லாம் அரத்தை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிடுவார். சாவி வீணாகிவிடும். அதற்கும் ஊரைத்தான் திட்டுவார்.

அவர் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதிதான். நாற்பத்தாறு வருஷமாகப் பூட்டுப் பழுது பார்க்கிறார். தெருமுனையில், ஒரு கதவின் அகலத்துக்கு அவருடைய கடை. உள்ளே சாவியைக் கவ்விப் பிடிக்க ஒரு இரும்புப் பட்டறைப் பிடி, அரம் பதினெட்டு, பூட்டுக்குள் தூவப் பென்சில் கரியை இடித்து வைத்த டப்பா ஒன்று. பூட்டைத் தவிர உலகத்தில் எதையும் அவர் நம்புவதில்லை. பூட்டையும் தன் கையால் மூன்று தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான். கடல் தாண்டி ஒரு நாட்டில், கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர் வேலை அவனுக்கு. போய் இரண்டரை வருஷம் ஆகிறது. அவன் பெண்டாட்டியும் மூன்று வயதுப் பெண்ணும் பூட்டுக்காரர் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்தக் குழந்தை, அப்பா என்றால் போனுக்குள் குடியிருக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"அப்பா, ஒப்பந்தம் முடியுது. இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"போட்டுட்டு வேலையைப் பாரேன். அதுக்கு என்னைக் கேப்பாங்களா?"

"போட்டா பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி உள்ள வச்சுடும். மூணு வருஷம் அசைய முடியாது. இங்க கூட வேலை செய்யறவங்க என்னென்னமோ சொல்றாங்கப்பா. நம்ம நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் ஆகலையாம். டீவியில அங்க ஏதோ சொன்னாங்களாமே. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் இங்கயே மாட்டிக்குவேன். அது நிஜமா இல்லையான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்றேன்."

மருமகள் போனிலேயே அந்த டீவிப் பேச்சைத் தேடி எடுத்துக் காட்டினாள். கழுத்துப்பட்டி கட்டிய அரசாங்கப் பேச்சாளர் ஒருவர், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத பாவனையில் சொன்னார்: "அந்நாட்டுடனான நமது பன்முக உறவை, மாறிவரும் சூழலின் வெளிச்சத்தில் மறுபார்வைக்கு உட்படுத்தும் வாய்ப்பு நிராகரிக்கப்படவில்லை."

பூட்டுக்காரர் மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"என்னம்மா சொல்றான்? ஆகுதுங்கறானா, ஆகலேங்கறானா?"

"ரெண்டும் இல்லேங்கறார் மாமா."

"அப்ப எதுக்கு வாயைத் திறந்தான்?"

பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு எல்லாம் தெரியும். தெரியாததும் தெரியும். "இதுக்கு ஏண்ணே மண்டையை உடைச்சுக்கறீங்க? அரசாங்கத்தையே கேளுங்க. வெளிநாட்டு விவகாரத்தை ஜனங்களுக்குச் சொல்றதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு. என் மச்சினன் அங்கதான் வாசல்ல நிக்கிறான். யாரு வேணா போகலாமாம். ஆனா யாரும் போக மாட்டாங்களாம்."

"ஏன் போக மாட்டாங்க?"

"அது அவனுக்குத் தெரியலையாம்."

திங்கட்கிழமை காலை பூட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் போனார். கட்டடத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பெயர்ப்பலகையின் நீளத்துக்கு அது தூரத்திலேயே தெரிந்தது. 'வெளியுறவுக் கொள்கைத் தகவல் வளங்களைக் கண்டறிவதற்கான பொதுமக்கள் வழிகாட்டு நடுவம்' என்று எழுதியிருந்தார்கள். முன்சுவரின் அகலம் போதாமல், 'நடுவம்' மட்டும் திரும்பிப் பக்கச் சந்துக்குள் போயிருந்தது.

உள்ளே குளிர்ச்சியான கூடம். சுவர் முழுக்கப் புத்தகங்கள், பளபளவென்று, ஒன்றின் முதுகிலும் ஒரு சுருக்கம் கிடையாது. முன்மேசையில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். பூட்டுக்காரருக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அரசாங்க ஆபீசில் ஒருவன் எழுந்து கும்பிடுகிறான் என்றால் ஒன்று அவனுக்கு வேலை இல்லை, அல்லது நம் வேலை நடக்காது.

"வாங்க, வாங்க. என்ன தகவல் வளம் வேணுங்க?"

"வளமெல்லாம் வேண்டாம். ஒரு விஷயம் தெரியணும்."

"விஷயம் இங்க இல்லைங்க. விஷயம் எங்க இருக்குங்கறதுதான் இங்க இருக்கு."

"சரி, அது எங்க இருக்கு?"

"அதுக்கு நீங்க முதல்ல ஒரு படிவம் எழுதணும்."

பன்னிரண்டு கட்டம் போட்ட படிவம். முன்மேசைக்காரரே கேட்டுக் கேட்டு நிரப்பினார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற இடத்தில் ஆய்வு, இதழியல், பாடநூல் தயாரிப்பு, பிற என்று நான்கு இருந்தன. 'பிற' என்பதில் கோடு போட்டு, பக்கத்தில் 'மகன்' என்று எழுதினார். கேள்வி என்ற கட்டம் வந்ததும் பூட்டுக்காரர் சொன்னார்: "அந்த நாட்டோட நமக்கு ஏதாவது தகராறா?"

முன்மேசைக்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். "இருதரப்பு உறவின் தற்போதைய இயல்பு குறித்துன்னு போட்டுக்கலாங்களா?"

"நான் என்ன கேட்டேனோ அதைப் போடு."

"தகராறுன்னு எங்க அகராதியில ஒரு சொல்லே கிடையாதுங்க."

"அப்ப இன்னிக்கு ஒண்ணு சேத்துக்க."

அவர் எழுதினார். கீழே பூட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அவருக்கு முழுசாக எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். படிவத்தின் மூலையில் 507 என்று எண் விழுந்தது. பிறகு முன்மேசைக்காரர் இரண்டு கையாலும் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தார். பட்டறைப் பிடியைவிடக் கனமாக இருந்தது. "வழிகாட்டிங்க. இதைப் படிச்சா எந்தத் தகவல் எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும். இலவசம்."

"சண்டையா இல்லையான்னு இதுல இருக்கா?"

"அது எதுல இருக்குன்னு இதுல இருக்குங்க."

அன்று முழுக்க மருமகள் அதை வைத்துக்கொண்டு போராடினாள். அவள் பத்தாவது படித்தவள். முதல் நாற்பது பக்கம் இந்த நூலை எப்படிப் பயன்படுத்துவது என்பது. அடுத்த அறுபது பக்கம் முன்னாள் இயக்குநர்களின் வாழ்த்துரை. ஒவ்வொருவரும் படத்தில் ஒரு பூகோள உருண்டைமேல் கை வைத்திருந்தார்கள், அது ஓடிவிடும்போல. நானூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் அந்த நாட்டின் பெயர் இருந்தது. அதற்கு நேராக 'அலமாரி 14' என்று மட்டும் போட்டிருந்தது.

"இதை அந்தக் கண்ணாடிக்காரன் வாயால சொல்லியிருக்கலாம்ல" என்றார் பூட்டுக்காரர். மருமகள் புத்தகத்தை மடியிலிருந்து இறக்கிவிட்டுக் காலை நீவிக்கொண்டாள். "மாமா, நாளைக்காவது தெரிஞ்சுடுமில்ல? இவ வேற அப்பா எப்ப வெளிய வருவார்னு போனைத் தட்டிட்டே இருக்கா."

செவ்வாய்க்கிழமை போனபோது வகைப்பாட்டுப் பிரிவுக்கு மாடியேறச் சொன்னார்கள். அங்கே ஓர் அம்மாள். வெள்ளை உறை மாட்டிய கைகள். மேசைமேல் ஓர் அட்டை, அதில் ஏணிபோல வரிசையாகச் சொற்கள்.

"நீங்க கேக்கறது புரியுதுங்க ஐயா. உறவு எப்படி இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கு. இதோ, பதினோரு படி. பேச்சுவார்த்தை நடந்துச்சுன்னா கடைசியில ஒரு அறிக்கை விடுவோம். அதுல என்ன வார்த்தை இருக்குன்னு பாக்கணும். 'பயனுள்ள பேச்சு'ன்னா ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம். 'மனம் திறந்த பேச்சு'ன்னா கத்திக்கிட்டாங்கன்னு அர்த்தம். 'ஆக்கபூர்வமான பேச்சு'ன்னா மறுபடியும் வந்து கத்திக்கறதா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்."

"நல்லா பழகினா என்ன சொல்வீங்க?"

"அப்ப அறிக்கை எதுக்குங்க?"

"அடிச்சுக்கிட்டா?"

"அப்ப யாருக்கு அறிக்கை எழுத நேரம் இருக்கும்?"

"ஆக நல்லா இருந்தாலும் பேச மாட்டீங்க, நாசமாப் போனாலும் பேச மாட்டீங்க. நடுவுல இருந்தா மட்டும் பேசுவீங்க, அதையும் தலைகீழாப் பேசுவீங்க."

"சரியாப் பிடிச்சுட்டீங்க" என்று அந்த அம்மாள் மகிழ்ந்துபோனார். "இதைப் புரிஞ்சுக்க எங்க பயிற்சியாளர்களுக்கு ரெண்டு வருஷம் ஆகும்."

"அந்த நாட்டுக்கு என்ன வார்த்தைம்மா போட்டிருக்கீங்க?"

"அலமாரியைப் பாக்கணும்."

அலமாரி பதினான்கு கடைசி வரிசையில் இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு அலமாரி. பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறதாம். சாவியைக் கேட்டு எழுதிய கடிதமும், அது பரிசீலனையில் இருப்பதாக வந்த பதிலும் கதவில் ஒட்டியிருந்தன. ஒட்டிய பசையை எறும்பு தின்றிருந்தது.

பூட்டுக்காரர் குனிந்து பார்த்தார். மூன்று லீவர் பூட்டு, உள்ளே மூன்றே தகடு. அதிலும் ஒரு லீவரின் ஸ்பிரிங் செத்துப்போயிருக்கும். இதைப் பூட்டு என்று சொல்வதே பாவம் என்று அவருக்குத் தோன்றியது. சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்து நுழைத்து, காதைக் கதவில் வைத்து, இரண்டு திருப்புத் திருப்பினார். அந்த அம்மாள் வாயைத் திறந்து "ஐயா, அனுமதி" என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்துகொண்டது.

உள்ளே ஒரு கறுப்புக் குடை. கொடி இல்லாத மேசைக் கொடிக்கம்பம் இரண்டு. பதினோரு சாசர், கோப்பை இல்லாமல். ஒரு சாசரில் காய்ந்துபோன பல்லி. ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

பூட்டுக்காரர் குடையை எடுத்து விரித்து உதறிப் பார்த்தார்.

"இதுதானாம்மா கொள்கை?"

"இல்லைங்க" என்றார் அந்த அம்மாள், உறை மாட்டிய கையால் சாசர்களை எண்ணியபடி. "இது வளம்."

எண்ணி முடித்துப் பதிவேட்டில் குடை ஒன்று, கம்பம் இரண்டு, சாசர் பதினொன்று, உயிரினம் ஒன்று என்று எழுதினார். பிறகு கீழே போய், நேற்றைய படிவத்தைக் கொண்டுவந்து, நடுத்தட்டில் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தார்.

"அது என் படிவமில்ல? அதை எதுக்கு உள்ள வைக்கிறீங்க?"

"அந்த நாட்டைப் பத்தி இங்க இருக்கற முதல் ஆவணம் இது. திறந்த அலமாரி காலியா இருக்கக் கூடாதுன்னு விதி. இனிமே யாராவது அந்த நாட்டைப் பத்திக் கேட்டு வந்தா காட்ட ஒண்ணு இருக்கு. சான்று எண் ஐந்நூத்தி ஏழு."

"அதுல கேள்விதானேம்மா இருக்கு."

"பெரும்பாலான அலமாரியில அதுகூட இல்லைங்க."

புதன்கிழமை அவர் போகவில்லை. போய் என்ன செய்வது? கடையைத் திறந்து, யாரோ ஒரு வீட்டுக்காரர் கொண்டுவந்த வாசல் பூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தையல்காரர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, நீங்க கேட்ட சமாசாரம் நிஜந்தான் போல. பாருங்க, போட்டுட்டான்."

அவர் வாய்விட்டுப் படித்தார்: "அந்நாட்டுடன் நமக்கு ஏதேனும் தகராறு உள்ளதா என்ற கவலை பொதுமக்களிடையே வலுத்துவருவதாக அரசின் தகவல் வட்டாரங்கள் சுட்டிக்காட்டுகின்றன. இது தொடர்பான சான்று ஒன்று அண்மையில் பதிவாகியுள்ளது. குடும்ப அளவிலும் இதன் தாக்கம் உணரப்படுவதாகத் தெரிகிறது."

பூட்டுக்காரர் கையிலிருந்த லீவரை வைத்துவிட்டார். "இன்னொரு தடவை படி."

தையல்காரர் படித்தார்.

"தகராறுன்னு போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான்."

"வலுத்துவருதுன்னா?"

"ஜாஸ்தி ஆகுதுன்னு."

"நான் ஒரே ஒரு தடவைதானேடா கேட்டேன்."

சாயங்காலம் மகன் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. "அப்பா, இங்க ரேடியோவுல சொல்லிட்டாங்க. நம்ம நாட்டு ஜனங்களுக்கு இந்த நாட்டு மேல கவலையாம், இந்த ஊர் அரசாங்கம் அதைக் கவனத்துல எடுத்திருக்காம். இன்னிக்கு கம்பெனி வாசல் கேட்டுல நம்மாளுங்களை மட்டும் தனியா நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்த்தாங்க. மேஸ்திரி இத்தனை நாளா என் தோள்ல கை போட்டுப் பேசுவான். இன்னிக்கு, 'உங்க ஊர்ல என்னய்யா பிரச்சினை'ன்னு கேட்டான். நான் என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்லாத. வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

போனை வைத்துவிட்டு அவர் வாசலில் போய் உட்கார்ந்தார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குப் பாதி புரிந்திருந்தது. மீதியைக் கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

வியாழக்கிழமை கட்டடம் திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். முன்மேசைக்காரர் இன்றைக்கும் எழுந்து கும்பிட்டார்.

"என் படிவத்தைத் திருப்பிக் குடு."

"அதெப்படிங்க. அது இப்ப சான்று."

"நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

முன்மேசைக்காரரின் முகம் வெளுத்துப்போனது. "ஐயா, அப்படி மட்டும் செஞ்சுடாதீங்க. ஒரு தரப்பு தன் கேள்வியைத் திரும்பப் பெற்றதுன்னா பதற்றம் முத்திப்போச்சுன்னு அர்த்தம். தூதரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கறதுக்கு முந்தின படி அது."

அதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்து, இயக்குநர் கூப்பிடுகிறார் என்றார். பூட்டுக்காரரைத் தேடி அவர் கடைக்கே கார் அனுப்பக் கிளம்பிக்கொண்டிருந்தார்களாம்.

இயக்குநருடைய அறையில் பூகோள உருண்டை ஒன்று இருந்தது. அதில் அவர் கை வைக்கும் இடத்தில் கடல் அழிந்து வெள்ளையாகியிருந்தது. பூட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து, டீ வரவழைத்தார். டீ சாசர் இல்லாமல் வந்தது.

"பெரியவரே, முதல்ல உங்களைப் பாராட்டணும். உங்களை மாதிரி விழிப்பான குடிமக்களுக்காகத்தான் இந்த நடுவத்தைத் தொடங்கினோம். பதினேழு வருஷம் ஆச்சு. ஐந்நூத்தி ஏழு பேர் கேள்வி கேட்டிருக்காங்க. பதில் கிடைக்கலைன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட புகார் குடுத்ததில்லை. ஏன்னா புகார்ப் படிவம் எங்க இருக்குன்னு நாங்க வழிகாட்டியில போடலை. அந்த அளவுக்கு நம்பிக்கையோட நடத்திட்டு வர்றோம்."

"பதில் யாருக்காவது கிடைச்சுதா?"

"பதில் வேற, தகவல் வேற. பதில் சொன்னா அதோட பிரச்சினை முடிஞ்சுடும். தகவல் குடுத்தா உறவு தொடரும். ஒரு குடிமகன் எதையும் தெரிஞ்சுக்காம வீட்டுக்குப் போகலாம். ஆனா தனக்கு மறைச்சாங்கன்னு நினைச்சுட்டுப் போகக் கூடாது. அதுதான் எங்க வெற்றி."

பூட்டுக்காரர் டீயைக் கீழே வைத்தார். "என் பையனை அங்க கேட்டுல நிறுத்திப் பையைக் கொட்டறாங்க. நான் இங்க வந்து கேட்டதாலதான். அதைச் சொல்லுங்க."

"சொல்றேன். ஒளிவு மறைவில்லாம சொல்றேன். இந்த மாதிரி விஷயத்துல அமைச்சகம் எங்களைக் கேக்கும். நாங்க பத்திரிகையைப் பார்த்துச் சொல்வோம். பத்திரிகைக்காரங்க அமைச்சகத்தைக் கேட்டு எழுதுவாங்க. சுத்திச் சுத்தி வரும். பதினேழு வருஷமா ஒரு தப்பு நடந்ததில்லை, ஏன்னா உள்ள ஒண்ணும் கிடையாது. நீங்கதான் வெளியிலேர்ந்து ஒரு விஷயத்தைக் கொண்டுவந்து உள்ள போட்டுட்டீங்க. அது சுத்த ஆரம்பிச்சுடுச்சு."

"அப்ப நிறுத்துங்க."

"நிறுத்தறது எங்க வேலையில்லை. ஆனா பன்னிரண்டு மணிக்கு அமைச்சர் பேசறார். நம்ம நிலைப்பாடு என்னன்னு எங்களைக் கேட்டிருக்காங்க. அலமாரியில இருக்கறது உங்க சான்று ஒண்ணுதான். பூட்டை உடைச்சுத் திறந்தவரும் நீங்கதான்."

"உடைக்கலை. திறந்தேன்."

"பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கேன்" என்றார் இயக்குநர், பெருந்தன்மையாக. "அதனால நீங்களே சொல்லிடுங்க. அந்த நாட்டோட நமக்குத் தகராறு இருக்கா, இல்லையா?"

பூட்டுக்காரர் அவரையே பார்த்தார். கிண்டல் செய்கிறானோ என்று முகத்தில் தேடினார். இல்லை. மனிதர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அதைக் கேக்கத்தானே நான் திங்கட்கிழமை வந்தேன். எனக்கு என்ன தெரியும்? நான் பூட்டு ரிப்பேர் பண்றவன்."

"உங்க பையன் அந்த நாட்டுல இருக்கார். எங்க நடுவத்துல யாருக்கும் அங்க யாருமே இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தா நிபுணர் நீங்கதான்."

"ஏங்க, நிஜமா உங்க யாருக்கும் தெரியாதா?"

"தெரிஞ்சவங்க இருக்கலாம். ஆனா அவங்க எங்க இருக்காங்கன்னு எங்க வழிகாட்டியில இல்லை." கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா, தகராறாங்கற கேள்விதான் நம்ம நிலைப்பாடா நிக்கும். அமைச்சர் அதையே வாசிச்சுடுவார். அவருக்குக் கேள்விக்குறியை வாசிக்கற பழக்கமில்லை."

பூட்டுக்காரருக்குப் பையைக் கொட்டி நிற்கிற மகன் கண்முன் வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு தகராறும் இல்லை. அவங்க கப்பல் கட்டறாங்க. என் பையன் அதுக்கு இரும்பைப் பத்த வச்சு ஒட்டறான். கூலி குடுக்கறாங்க, வாங்கிக்கறான். இதுல சண்டை எங்க வந்துச்சு?"

இயக்குநர் எழுதிக்கொண்டே போனார். பிறகு வாசித்துக் காட்டினார்: "கடல்சார் தொழில்துறையில் இரு நாடுகளுக்குமிடையேயான பிணைப்பு என்றும்போல் உறுதியாக உள்ளது. வேறுபாடு எதுவும் இல்லை." எழுந்து பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவர் படமெடுத்தார். எத்தனை நொடி குலுக்கினார்கள் என்று இன்னொருவர் குறித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு அமைச்சர் அதை வாசித்தார். மூன்று மணிக்கு அந்த நாடு அதை வரவேற்றது. ஐந்து மணிக்கு இரண்டு நாடும் ஒருவரையொருவர் வரவேற்றதை இரண்டு நாடும் வரவேற்றன. டீவிக்காரர்கள் ஒரு வல்லுநரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். பிணைப்பு என்ற சொல்லை இந்த நேரத்தில் தேர்ந்தெடுத்தது மிக நுட்பமான ராஜதந்திரம் என்று அவர் அரை மணி நேரம் பேசினார்.

"யாரு தேர்ந்தெடுத்தாங்கன்னு கேளேன் அவனை" என்று பூட்டுக்காரர் டீவியைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை மகன் பேசினான். பழைய குரல் திரும்பியிருந்தது. "அப்பா, எல்லாம் சரியாப் போச்சு. கேட்டுல நிறுத்தலை. மேஸ்திரி தோள்ல கை போட்டுட்டான். அரசாங்கமே சொல்லிடுச்சாமே, ஒரு வேறுபாடும் இல்லைன்னு. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடவா?"

பக்கத்தில் மருமகள் போனை ஒட்டிக் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இரு" என்றார் பூட்டுக்காரர். "நான் எழுத்துல வாங்கிட்டுச் சொல்றேன்."

அவருக்கு உள்ளூர ஒரு நப்பாசை. தான் ஏதோ சொன்னது சொன்னதுதான். ஆனால் அமைச்சர் வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு அரசாங்கம் பேசியிருக்கிறது. இத்தனை பேர் கையில் புரண்ட விஷயத்தை யாராவது ஒருவன், ஒரே ஒருவன், நிஜமா என்று இழுத்துப் பார்த்திருக்க மாட்டானா?

முன்மேசைக்காரர் முத்திரை வைத்த தாளை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். "உங்க கேள்விக்கு அதிகாரபூர்வமான பதில் வந்துடுச்சுங்க. இந்த நடுவத்திலிருந்து போற முதல் பதில். எங்களுக்கே பெருமையா இருக்கு."

"படி."

"கேள்வி: அந்த நாட்டோடு நமக்கு ஏதாவது தகராறா. பதில்: இல்லை. சான்று: ஐந்நூத்தி ஏழு, கோடு, ஒண்ணு."

"ஐந்நூத்தி ஏழு யாரு?"

"நீங்கதாங்க. திங்கட்கிழமை கேட்டது ஐந்நூத்தி ஏழு. நேத்து சொன்னது கோடு ஒண்ணு."

"வேற யாரையும் கேக்கலையா?"

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்டக் கேட்டா, முதல்ல சொன்னவரைச் சந்தேகப்படற மாதிரி ஆகாதுங்களா?"

"அமைச்சருக்கு வேற எங்கயாவது கேட்டுச் சொன்னாங்களா?"

"அமைச்சர் எங்களைத்தாங்க மேற்கோள் காட்டியிருக்கார்."

"அந்த நாட்டுக்காரங்க?"

"அவங்க அமைச்சரை மேற்கோள் காட்டியிருக்காங்க. அதையும் கோடு ரெண்டுன்னு அலமாரியில சேத்துட்டோம். இப்ப மூணு சான்று இருக்கு. வேற எந்த நாட்டுக்கும் இவ்வளவு கிடையாதுங்க."

பூட்டுக்காரர் தாளை வாங்கி, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். ஈரம் காயவில்லை, விரலில் நீலமாக ஒட்டியது. தாளைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். வெளியே வந்து, வாசற்படியில் நின்று மகனுக்குப் போன் போட்டார்.

"கையெழுத்துப் போடாத."

"என்னப்பா இது, அமைச்சரே சொல்லிட்டாரே."

"அமைச்சருக்கு யார் சொன்னது தெரியுமா? நான்."

"நீங்களா?" அந்தப் பக்கம் ஏதோ இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. "சரி, உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"யாரும் சொல்லலை."

மகன் இரும்புச் சத்தத்திலிருந்து தள்ளிப்போய் நின்று கேட்டான்.

"அப்ப தகராறு இருக்கா, இல்லையாப்பா?"

"தெரியலை. அதைத் தெரிஞ்சவன் ஒருத்தனையும் நான் இந்த அஞ்சு நாள்ல பார்க்கலை. இவங்க ஒரு படிவத்துல உன்னைக் கேட்டுல நிறுத்தினாங்க, இன்னொரு படிவத்துல விட்டாங்க. மூணாவது படிவத்தை எவன் எழுதப் போறானோ. பாஸ்போர்ட்டு உன் கையிலயே இருக்கும்னா போடு. குடுக்கணும்னு சொன்னா போடாத, கிளம்பி வந்துடு."

"வந்து என்ன பண்றதுப்பா?"

"இங்க பத்த வைக்க இரும்பே இல்லையா? முதல்ல வா. உம் பொண்ணு உன்னை எட்டிப் பார்க்கணும்னு போனைப் பிரிக்கச் சொல்றா என்கிட்ட."

மகன் சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே உடைந்து போனது. "மேஸ்திரிகிட்டப் பாஸ்போர்ட்டைப் பத்திக் கேட்டுப் பாக்கறேன்" என்றான். "ஒத்துக்க மாட்டான்னு நினைக்கிறேன். அப்படின்னா அடுத்த வாரம் வந்துடறேன்ப்பா."

போனைப் பையில் போட்டபோது முன்மேசைக்காரர் ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். பதிலை வச்சுட்டு வந்துட்டீங்களே. அது போகட்டும், இதுல மட்டும் ஒரு கையெழுத்து. திருப்தி, மிகவும் திருப்தின்னு ரெண்டே கட்டந்தான். எதுல வேணாலும் போடுங்க."

"மூணாவது கட்டம் இல்லையா?"

"அதுக்கு யாரும் இதுவரைக்கும் கேக்கலைங்க. நீங்க கேக்கறதா இருந்தா ஒரு படிவம்..."

பூட்டுக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் அதையும் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. படியிறங்கி, கட்டடத்தை ஒட்டியிருந்த சந்தில் திரும்பி, விறுவிறுவென்று நடந்தார். பின்னால் அந்த மனிதர் பதிவேட்டைத் திறந்து பிடித்தபடி சந்துமுனை வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.